தமுக்கம்: வைகையின் வடகரையில் ஒரு தோட்ட மாளிகை

மதுரையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் மீனாட்சியம்மன் கோயிலின் கோபுரங்களிலிருந்து தொடங்குவர்; அல்லது திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களிலிருந்து தொடங்குவர். அவை இரண்டும் வைகையின் தென்கரையில், பழைய கோட்டைக்குள் அமைந்தவை. நாம் இன்று ஆற்றைக் கடந்து வடகரைக்குச் செல்வோம். 1889-ஆம் ஆண்டில் எழுந்த ஆல்பர்ட் விக்டர் பாலத்தைத் தாண்டிக் கரையேறியதும் நம் கண்ணில் முதலில் படுவது கோரிப்பாளையம் தர்காவின் பெரிய கவிகை மாடம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், மரங்கள் சூழ்ந்த வெளியில் வெண்ணிறமான மாளிகையொன்று நிற்கிறது. அதன் உச்சியிலும் ஒரு கவிகை மாடம் உண்டு. அதுவே தமுக்கம்.

இன்று அது காந்தி நினைவு அருங்காட்சியகம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே சென்று படங்களைப் பார்த்துவிட்டு வெளியே வருகின்றனர். ஆனால் அந்தச் சுவர்கள் கண்ட காலம் காந்தியடிகளின் காலத்தினும் மிக நீண்டது. நாயக்க அரசர்கள், ஆர்க்காட்டு நவாபின் அதிகாரிகள், கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர்கள், பின்னர் சுதந்திர நாட்டின் மக்கள் என்று ஒருவர்பின் ஒருவராக அந்த வீட்டின் வாசற்படியை மிதித்திருக்கின்றனர். முன்னோர் வாழ்ந்த இடங்களைச் சுற்றிப் பார்த்துப் படிப்பினை பெறுமாறு திருமறை நம்மைப் பலமுறை அழைக்கிறது. அந்த அழைப்பை மனத்திற்கொண்டே இந்த மாளிகையின் வரலாற்றை நாம் ஆராய முற்படுகிறோம். நம் சமுதாயத்தின் கதையும் அந்தச் சுவர்களுக்குள் கலந்திருக்கிறது என்பதைப் படிப்போர் காண்பார்கள்.

பெயரும் பிறப்பும்

தமுக்கம் என்ற சொல்லைத் தெலுங்குச் சொல்லோடு தொடர்புபடுத்துவர். உயர்ந்த இடத்தில் அமைந்த மண்டபம், கோடைக் காலத்து மாளிகை என்றெல்லாம் அதற்குப் பொருள் கூறப்படுகிறது. நாயக்க மன்னர்களின் தாய்மொழி தெலுங்கு என்பதால் இந்தப் பெயர் இங்கு வழங்கியதில் வியப்பில்லை.

மாளிகையைக் கட்டியவர் ராணி மங்கம்மாள் என்பது மக்கள் வழக்கு. கட்டிய காலம் ஏறத்தாழ 1670 என்றும் சொல்லப்படுகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. மங்கம்மாள் தம் பேரனுக்காக ஆட்சிப் பொறுப்பை ஏற்றது 1689-ஆம் ஆண்டில்தான். 1670-இல் மதுரை நாட்டை ஆண்டவர் அவருடைய கணவரான சொக்கநாத நாயக்கர். அப்படியானால் மாளிகை எழுந்தது கணவரின் ஆட்சிக்காலத்திலா, அல்லது மங்கம்மாளே ஆண்ட பிற்காலத்திலா என்ற கேள்வி நிற்கிறது. எவ்வாறாயினும், சாலைகளையும் சத்திரங்களையும் அமைத்து ஏழைகளின் நெஞ்சில் இடம்பெற்ற அந்த அரசியின் பெயரோடு மக்கள் இந்த மாளிகையை இணைத்துவிட்டனர்.

அரண்மனை கோட்டைக்குள் இருக்க, ஆற்றுக்கு அப்பால் இன்னொரு மாளிகை எதற்கு? விடை எளிது. வடகரையில் பரந்த வெளி இருந்தது. யானைப் போர், மல்யுத்தம், விலங்குகளின் சண்டை ஆகிய வீர விளையாட்டுக்கள் அந்த வெளியில் நிகழ்ந்தன. அவற்றை உயரத்திலிருந்து பாதுகாப்பாகக் காண்பதற்கு அரச குடும்பத்தாருக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. ஆகவே தமுக்கம் பிறந்தபோது அது குடியிருக்கும் வீடன்று. வேடிக்கை பார்க்கும் மாடம். இந்தச் செய்தியை நாம் மறவாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் முடிவில் இதற்குத் திரும்ப வருவோம்.

காரையும் கவிகையும்

மாளிகையின் அமைப்பைச் சற்று நோக்குவோம். தரைமட்டத்திலிருந்து உயர்த்திய மேடைமேல் கட்டடம் நிற்கிறது. நடுவில் கவிகை மாடம் கவிந்த கூடம், சுற்றிலும் வளைவுகள், தடித்த செங்கற் சுவர்கள், அவற்றின்மேல் வெண்சாந்துப் பூச்சு. கோயில் மண்டபங்களில் கல்தூண்கள் நிற்க, அவற்றின்மேல் கல்லாலான உத்திரங்களைக் கிடத்துவது நம் நாட்டுப் பழைய முறை. இங்கே அந்த முறை இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைவை எழுப்பி, வளைவுகளின்மேல் கவிகையை ஏற்றி, பாரம் முழுவதையும் சுவர்களுக்குள் இறக்கிவிடும் முறையே இங்குக் கையாளப்பட்டுள்ளது.

இந்தக் கலை தென்னாட்டில் எவ்வாறு வளர்ந்தது? 1335 முதல் 1378 வரை மதுரையில் சுல்தான்கள் ஆட்சி நடந்தது. ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாஹ் அதைத் தொடங்கினார். சிக்கந்தர் ஷாஹ்வுடன் அது முடிந்தது. பின்னர் தக்காணத்தில் பாமினி அரசும், அதன் வழிவந்த பீஜப்பூர், கோல்கொண்டா அரசுகளும் கவிகையும் கூர்வளைவும் கொண்ட பெருங்கட்டடங்களை எழுப்பின. விஜயநகரத்தார் போரில் அவர்களோடு மோதினாலும் கட்டடக் கலையில் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை. விஜயநகரத்தின் வழிவந்த நாயக்கர்கள் அந்தக் கல்வியை மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளையும் மாடங்களையும் பார்ப்போருக்கு இது நன்கு விளங்கும். அரசர்கள் வாள்முனையில் பகைத்துக்கொண்ட நாட்களிலும் கொத்தர்கள் கரண்டிமுனையில் உறவு கொண்டாடியிருக்கின்றனர் என்பதே இதிலிருந்து நாம் பெறும் செய்தி.

அந்தக் காலத்துச் சுண்ணாம்பு வேலை இன்று ஏறத்தாழ மறைந்துபோன கலை. சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணலோடு கலந்து, கல்செக்கில் பல முறை அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லப் பாகும் சேர்ப்பார்கள். அவை காரைக்குப் பிடிப்பையும் உறுதியையும் தந்தன. மேற்பூச்சுக்கு மட்டும் மிக நுண்ணிய சுண்ணாம்பைச் சலித்தெடுத்து, முட்டையின் வெண்கரு சேர்த்து, ஈரம் காய்வதற்குமுன் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்குபோல் ஆக்குவார்கள். சிமிட்டி விரைவில் இறுகும். ஆனால் காரைச் சுவர் காலம் செல்லச் செல்ல இறுகும். சுவருக்குள் புகுந்த ஈரத்தை அது வெளியே விட்டுவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையின் வெப்பம் 40 பாகையைத் தொடும்போதும் அத்தகைய தடித்த சுவர்களுக்குள் நுழைவோர் குளிர்ச்சியை உணர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நவாபும் கான் சாஹிபும்

1736-ஆம் ஆண்டில் நாயக்கர் ஆட்சி முடிவுற்றது. ஆர்க்காட்டு நவாபின் மருமகனான சந்தா சாஹிப், திருச்சியில் இருந்த மீனாட்சி அரசிக்கு உதவுவதாகச் சொல்லிக் கோட்டைக்குள் புகுந்து, பின்னர் அரசியையே வீழ்த்தினார். திருமறையின்மீது சத்தியம் செய்வதாகக் கூறி, பட்டில் சுற்றிய செங்கல்லின்மேல் கைவைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அரசிக்குக் கொடுத்த வாக்கு காக்கப்படவில்லை என்பது மெய். செய்தவர் நம் பெயரைத் தாங்கியவர் என்பதற்காக இதனை மறைத்துச் செல்வது வரலாற்றுக்கும் அழகன்று, தீனுக்கும் அழகன்று. வாக்குறுதி என்பது அமானத். அமானத்தை முறித்தவன் எவனாயினும் முறித்தவனே.

அந்த வஞ்சகத்தை எண்ணி வருந்தும் நெஞ்சுக்கு ஆறுதல் தருவது இன்னொருவரின் வரலாறு. பனையூரில் வேளாளர் குடியில் மருதநாயகமாகப் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, முஹம்மத் யூசுப் கான் என்ற பெயருடன் கம்பெனியின் சிப்பாய்ப் படைக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அதனைக் காப்பதில் பெரும் பங்காற்றினார். 1759 முதல் மதுரைச் சீமையின் ஆட்சியை ஏற்று, கொள்ளையை அடக்கி, ஏரிகளையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த மானியங்களை மீண்டும் வழங்கினார். தம் மார்க்கத்தில் உறுதியாக இருந்துகொண்டே பிற சமயத்தாரின் உரிமையைக் காத்த ஆட்சியாளர் அவர்.

நவாப் முஹம்மத் அலி வாலாஜாவும் கம்பெனியும் அவர்மீது ஐயுறவு கொண்டனர். 1763-இல் முற்றுகை தொடங்கியது. நவாபின் படையும் ஆங்கிலப் படையும் கோட்டையைச் சூழ்ந்து நின்றும் அதனைப் போரிட்டுப் பிடிக்க இயலவில்லை. இறுதியில் உடனிருந்தவர்களே அவரைக் காட்டிக்கொடுத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலத்தின்மேல் 1808-ஆம் ஆண்டில் எழுந்த பள்ளிவாசல் இன்றும் கான் சாஹிப் பள்ளிவாசல் என்றே வழங்குகிறது. அரசராக வாழ்ந்தவருக்கு மிஞ்சியது தொழுகைக்கூடமாகிய அந்தச் சிறு கட்டடம். அதனால்தான் அவர் பெயர் நாள்தோறும் பாங்கொலியோடு சேர்ந்து நினைக்கப்படுகிறது.

கான் சாஹிபைத் தூக்கிலிட உடன்பட்ட நவாபின் கதி என்ன ஆயிற்று? 1768-இல் சென்னைச் சேப்பாக்கத்தில் கடலை நோக்கிய மாளிகையை அவர் கட்டினார். கம்பெனி அதிகாரிகளிடமும் வணிகர்களிடமும் வாங்கிய கடன் தலைக்குமேல் ஏறியது. அவருக்குப்பின், 1801-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி கர்நாடகத்தின் ஆட்சியுரிமை முழுவதும் கம்பெனியின் கைக்குச் சென்றது. 1855-இல் நவாப் குலாம் கௌஸ் கான் பிள்ளையின்றி இறந்ததும் நவாப் பட்டமே ஒழிக்கப்பட்டது. சேப்பாக்கம் மாளிகை ஏலத்திற்கு வந்தது. அரசாங்கமே அதனை எடுத்துக்கொண்டது. பிறருடைய கோட்டையை இடிக்கத் துணைபோனவரின் வழித்தோன்றல்களுக்குத் தம் சொந்த வீடே நிலைக்கவில்லை. வரலாறு இப்படித்தான் கணக்குத் தீர்க்கிறது.

மாடம் பங்களாவானது

கம்பெனியின் கைக்கு வந்த மதுரையில் தமுக்கமும் அதன் கைக்கு வந்தது. வேடிக்கை பார்க்க எழுந்த மாடம் இப்போது குடியிருக்கும் வீடாக மாறியது. 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மாவட்ட அதிகாரத்தின் இருப்பிடமாக, கலெக்டர் வாழும் மாளிகையாக அது விளங்கியது.

வெள்ளையர் ஏன் ஊருக்குள் குடியேறாமல் ஆற்றுக்கு அப்பால் சென்றனர்? முதலாவது காரணம் உடல்நலம். கோட்டைச் சுவருக்கும் அகழிக்கும் இடையே நெருங்கியிருந்த நகரில் காற்றோட்டம் குறைவு. அகழியில் நீர் தேங்கி நின்றது. 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் பரவிய கொடிய காய்ச்சல் எண்ணற்றோரைக் கொண்டுசென்றது. இரண்டாவது காரணம் அதிகாரம். ஆள்வோர் ஆளப்படுவோரிடமிருந்து தள்ளி, பரந்த வளாகத்தின் நடுவே வாழ்வதைக் கம்பெனியார் தம் பெருமையாகக் கொண்டனர். சென்னையில் கோட்டையை விட்டு வெளியேறி மேற்கே சமவெளியில் அவர்கள் எழுப்பிய வீடுகளைத் தோட்ட வீடுகள் என்றே அழைத்தனர். அந்த வழக்கமே உள்நாட்டு மாவட்டங்களுக்கும் பரவியது.

பங்களா என்ற சொல்லே வங்காளத்திலிருந்து வந்தது. வங்காளத்து உழவன் தன் நிலத்தருகே கட்டிக்கொண்ட, சரிந்த கூரையும் சுற்றுத் திண்ணையும் கொண்ட எளிய குடிசைக்கு அந்நாட்டுப் பெயரால் வழங்கிய சொல் அது. குடியானவனின் வீட்டு அமைப்பை எடுத்துக்கொண்ட ஆங்கிலேயன் அதையே பெருக்கி ஆட்சியாளனின் மாளிகையாக்கினான். நாற்புறமும் அகன்ற தாழ்வாரம், நடுவில் உயர்ந்த கூடம், எதிரெதிரே அமைந்த கதவுகள், வெயிலைத் தடுத்துக் காற்றை விடும் மரச்சட்டச் சாளரங்கள் ஆகியவை பங்களாவின் உறுப்புகள். சமையற்கட்டு புகையும் தீயும் அணுகாதபடி தனியே பின்புறம் இருந்தது. குதிரை லாயமும் வேலையாட்களின் குடியிருப்பும் வளாகத்தின் ஓரத்தில் அமைந்தன.

அத்தகைய வீடுகளின் மேற்கூரை சென்னைத் தளவரிசை எனப் பெயர்பெற்றது. தேக்கு உத்திரங்களின்மேல் குறுக்குக் கட்டைகளைப் பரப்பி, சிறிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கோத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கொட்டி, பெண்கள் வரிசையாக நின்று மரக்கட்டைகளால் நாட்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். பாட்டுக்கும் தாளத்திற்கும் இசைய அந்தக் கைகள் ஓங்கித் தாழ்ந்த காட்சியைக் கண்ட முதியோர் நம் குடும்பங்களில் இன்னும் ஒருசிலர் இருக்கக்கூடும். கட்டியவர் என்று அரசியின் பெயரும் கலெக்டரின் பெயரும் நிற்கின்றன. தளம் தட்டிய பெண்ணின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

கூடத்தின் விட்டத்தில் நீண்ட துணிவிசிறி தொங்கும். அதன் கயிற்றைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஓர் ஆள் இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருப்பான். அதற்குப் பங்கா என்று பெயர். உள்ளே இருப்பவனுக்குக் காற்று; வெளியே இருப்பவனுக்கு வியர்வை. பங்களா வாழ்க்கையின் முழு இலக்கணமும் அந்த ஒரு கயிற்றில் அடங்கியிருந்தது எனலாம்.

சொற்களில் எஞ்சிய ஆட்சி

கம்பெனியார் நவாபின் ஆட்சியை எடுத்துக்கொண்டபோதும் அவருடைய கச்சேரி மொழியை விட்டுவிட முடியவில்லை. நிலவரிக் கணக்குகளில் பாரசீகமும் அரபும் ஊறியிருந்தன. தாசில்தார், ஜமாபந்தி, கிஸ்தி, பசலி, ஜப்தி, அமீன், மகஜர், ரயத்து ஆகிய சொற்கள் யாவும் அவ்வழி வந்தவையே. இன்றும் ஜூலை முதல் நாள் நம் கிராமக் கணக்கில் புதிய பசலி பிறக்கிறது. பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். நவாபின் கொடி இறங்கி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், சோழவந்தானிலும் மேலூரிலும் உள்ள எந்தச் சமயத்து உழவரும் தம் நிலத்தைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொற்களையே பேசுகின்றனர்.

அந்நாளைய மதுரைக் கலெக்டர்களுள் இருவரை மக்கள் மறக்கவில்லை. ஒருவர் 1812 முதல் 1828 வரை பதவி வகித்த ரௌஸ் பீட்டர். மக்களோடு கலந்து பழகியதால் பீட்டர் பாண்டியன் என்றே அவரை அழைத்தனர். மீனாட்சியம்மன் குதிரை வாகனத்தில் எழுந்தருளுவதற்காக அவர் அளித்த, மணிகள் இழைத்த பொன் அங்கவடிகள் இன்றும் கோயிலில் உள்ளன. மற்றவர் ஜான் பிளாக்பர்ன். அவர் காலத்தில்தான் மதுரைக் கோட்டையின் சுவர்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. இன்றைய வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அவ்வாறு கிடைத்த நிலத்தில் உருவானவை. விளக்குத்தூண் அவர் நினைவாக எழுந்தது. கான் சாஹிப் காத்து நின்ற கொத்தளங்கள் அவ்வாறு தெருக்களாகிவிட்டன.

சமவெளியின் மறுபக்கம்

மாளிகையின் குளிர்ந்த கூடத்தில் எழுதிய கட்டளைகள் வெயில் காயும் சமவெளியில் நிறைவேற்றப்பட்டன. அவற்றுள் நன்மையும் உண்டு, கொடுமையும் உண்டு.

மேற்கு நோக்கி வீணே கடலில் கலந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. பென்னி குயிக் என்ற பொறியாளரின் உழைப்பால் மதுரையைச் சூழ்ந்த வானம்பார்த்த பூமி பலவும் நெல்வயலாயின. அந்த மனிதரின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டு மகிழும் உழவர் குடும்பங்கள் இன்றும் அப்பகுதியில் உண்டு.

இதே ஆட்சிதான் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிரமலைக் கள்ளர் மக்கள்மீது ஏவியது. பிறந்த ஒரே காரணத்தால் ஒரு சமூகத்தார் அனைவரையும் குற்றவாளிகளாகப் பதிவு செய்து, கைரேகை எடுக்கும் அச்சட்டத்தை எதிர்த்து மக்கள் நின்றபோது, 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் காவற்படை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் உயிரிழந்தனர் என்பது நிலைத்துவிட்ட செய்தி. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. ஒரு சமூகம் முழுவதையும் ஐயக்கண்ணோடு பார்க்கும் ஆட்சி எத்தகைய காயத்தை ஏற்படுத்தும் என்பதை நம் சமுதாயத்தார்க்கு நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

உடை களைந்த ஊர்

1921 செப்டம்பரில் காந்தியடிகள் தென்னாட்டுச் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். அவருடன் புறப்பட்டவர் கிலாபத் இயக்கத் தலைவர் மௌலானா முஹம்மது அலி. செப்டம்பர் 14 அன்று வால்டேர் நிலையத்தில் மௌலானா கைது செய்யப்பட்டார். உற்ற தோழரைச் சிறைக்கு அனுப்பிவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்த காந்தியடிகள் மதுரை வந்தடைந்தார். மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், செப்டம்பர் 22 அன்று, குல்லாயையும் சட்டையையும் துறந்து அரைமுழத் துண்டை உடுத்தத் தொடங்கினார். கதர் வாங்க வழியற்ற ஏழையின் உடையே தம் உடை என்று அவர் முடிவு செய்த ஊர் மதுரை. கிலாபத்தும் ஒத்துழையாமையும் கைகோத்து நடந்த அந்த நாட்களில் இந்து முஸ்லிம் ஒற்றுமை மேடைப் பேச்சாக இருக்கவில்லை. சிறைக்கதவு வரை உடன் செல்லும் நட்பாக இருந்தது.

நாடு விடுதலை பெற்றபின், 1955-இல் தமுக்கம் மாளிகையையும் சுமார் 13 ஏக்கர் வளாகத்தையும் அரசாங்கம் காந்தி நினைவு நிதிக்கு வழங்கியது. 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்துவைத்தார். அருகிலுள்ள மைதானத்தில் பொருட்காட்சிகளும் மாநாடுகளும் பல்லாண்டுகளாக நிகழ்ந்தன. 1981-இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது அங்கே தமிழன்னைக்குச் சிலை எழுந்தது. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி ஆற்றுக்குச் செல்லும் வழியும் இந்தத் தல்லாகுளம் பகுதியே. அந்த அழகர் வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் இரவு தங்குகிறார் என்று மதுரை மக்கள் சொல்லி மகிழ்கின்றனர். அயல் வீட்டாரின் திருவிழாக் கதையில் நமக்கும் ஒரு வீடு ஒதுக்கி வைத்திருக்கும் பண்பு இந்த மண்ணுக்கு உரியது.

இரத்தம் தோய்ந்த துணி

அருங்காட்சியகத்தினுள் ஓர் அறையில், கண்ணாடிக்குப் பின்னால், காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த துணி இரத்தக் கறையோடு வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் நிற்கும்போது நம் நினைவு தில்லிக்குச் செல்கிறது.

1948 ஜனவரி 13 அன்று காந்தியடிகள் தம் இறுதி உண்ணாநோன்பைத் தொடங்கினார். பிரிவினையின் வெறியில் தில்லி முஸ்லிம்கள் வீடிழந்து, பள்ளிவாசல்கள் பறிபோய், தெருவில் நடக்கவும் அஞ்சிக் கிடந்த காலம் அது. ஆக்கிரமிக்கப்பட்ட பள்ளிவாசல்கள் திருப்பியளிக்கப்பட வேண்டும். மெஹ்ரோலியில் குவாஜா குத்புத்தீன் பக்தியார் காகி அவர்களின் உருஸ் வழக்கம்போல் நடைபெற வேண்டும். முஸ்லிம்கள் தம் தெருக்களில் அச்சமின்றி வாழ வேண்டும் என்பவை நோன்பை முடிக்க அவர் விதித்த நிபந்தனைகளுள் அடங்கும். எல்லாச் சமூகத் தலைவர்களும் உறுதிமொழி அளித்த பின்னரே, ஜனவரி 18 அன்று, மௌலானா அபுல் கலாம் ஆஸாத் கொடுத்த பழரசத்தைப் பருகி நோன்பை முடித்தார். ஜனவரி 27 அன்று மெஹ்ரோலி தர்காவிற்கு நேரில் சென்றார். மூன்றாம் நாள், ஜனவரி 30 அன்று, சுட்டுக் கொல்லப்பட்டார்.

எழுபத்தெட்டு வயது முதியவர், பட்டினி கிடந்து, நமக்காக வாங்கித் தந்த வாக்குறுதி அது. அந்த வாக்குறுதியின் விலையே கண்ணாடிக்குள் இருக்கும் துணி. யானைகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதற்காக எழுந்த மாளிகையில், மனிதர்கள் மோதிக்கொள்ளாதிருப்பதற்காக உயிர்கொடுத்தவரின் இரத்தம் இன்று காக்கப்படுகிறது. தமுக்கத்தின் முந்நூறு ஆண்டு வரலாற்றில் இதனினும் பெரிய திருப்பம் வேறில்லை.

நம் வீடுகள்

இந்த வரலாற்றை எழுதி முடிக்கும் வேளையில் நம் மனம் நம் சொந்தத் தெருக்களை நோக்கித் திரும்புகிறது. மதுரை காஜிமார் தெருவிலும் கோரிப்பாளையத்திலும், அதைப்போல் கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களிலும், காரைச் சுவரும் தேக்குத் தூணும் முற்றமும் கொண்ட வீடுகள் எத்தனை நின்றன! பாகப்பிரிவினையில் அவை துண்டுபட்டன. தூண்களும் கதவுகளும் பழம்பொருள் வணிகரிடம் விலையாயின. எஞ்சியவை இடிந்து அடுக்குமாடிகளாயின. வாழ்க்கைத் தேவை மாறும்போது வீடு மாறுவதை நாம் குறை கூறவில்லை. மண்ணாலான எதுவும் நிலைப்பதற்குப் படைக்கப்படவில்லை. நிலைத்தவன் அல்லாஹ் ஒருவனே.

ஆனால் வீடு போகும்போது அதன் வரலாறும் சேர்ந்து போக வேண்டுமா? தமுக்கத்தின் கதை நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், அது அரசாங்கத்தின் கைகளில் இருந்து ஆவணங்களில் பதிவானதே. நம் வீடுகளின் கதை பரணில் கிடக்கும் பழைய பத்திரக் கட்டுக்களிலும், வக்ஃப் செய்த பாட்டனாரின் கையெழுத்திலும், அரபுத் தமிழில் எழுதிய கணக்கேடுகளிலும், பாட்டிமாரின் நினைவிலும் இருக்கிறது. வீட்டை ஒழிக்கும் நாளில் அந்தக் கட்டுக்களைக் குப்பையென்று எண்ணி எரித்துவிடுவோர் பலர். பள்ளிவாசலுக்கு விட்ட நிலத்தின் எல்லையைக் காட்டும் ஒரே சான்று அந்தக் கட்டுக்குள் இருந்திருக்கலாம். உரிமை கோர வேண்டிய நாளில் காட்டுவதற்குக் காகிதமின்றித் தலைகுனிந்து நிற்கும் ஜமாஅத்துக்களை நாம் அறிவோம்.

ஆகவே நாம் படிப்போரை வேண்டிக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் இருப்பாராயின் இன்றே அவருடன் அமருங்கள். இந்த வீட்டை யார் கட்டினார், எந்த ஆண்டில் கட்டினார், எந்த ஊர்க் கொத்தர் வந்தார், தளம் தட்டிய பெண்கள் யார், முன்னர் இந்த மனை யாருடையது என்று கேளுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் ஆண்டோடு எழுதுங்கள். பழைய பத்திரங்களுக்கு நகலெடுத்து, ஒரு படியை மஹல்லா ஜமாஅத்திலும் வையுங்கள். பிள்ளைகளை ஒருநாள் மதுரைக்கு அழைத்துச் செல்லுங்கள். கோரிப்பாளையத்தில் ஸலாம் உரைத்து, சம்மட்டிபுரத்துப் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுது, தமுக்கத்தின் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் சிறிது நேரம் நிற்கச் செய்யுங்கள்.

வீடு நம்மிடம் சில காலம் தங்கிச் செல்லும் அமானத். அரசிக்கும் நவாபுக்கும் கலெக்டருக்கும் தமுக்கம் அவ்வாறே இருந்தது. அடுத்தவரிடம் அதனை ஒப்படைக்கும்போது எத்தகைய நினைவோடு ஒப்படைத்தோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. அந்தக் கேள்விக்கு நல்ல விடை சொல்லும் நற்பேற்றை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக.